பைபாஸ் யாருக்குக் கைகொடுக்கும்?

நேயர்களுக்கு வணக்கம். அடைபட்ட இதயக் குழாயைச் சுற்றி, உடலின் வேறிடத்துக் குழாயைப் பொருத்தி இரத்தத்துக்குப் புதுவழி அமைக்கும் சத்திரசிகிச்சைதான் பைபாஸ். கொழும்பில் இதயநோய் வார்டுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தார் அநேகமாக ஒன்றைத்தான் கேட்பார்கள்: "டொக்டர், பைபாஸ் செய்தால் அப்பா தப்பிவிடுவாரா?" நியாயமான கேள்வி. ஆனால் பதில் அப்பாவின் இதயம் எப்படி இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

படி ஏறும்போது மட்டும் வந்த நெஞ்சுநோ, சும்மா கதிரையில் இருக்கும்போதும் வரத் தொடங்கினால் அது நிலையற்ற நெஞ்சுவலி. இரத்தக்குழாயின் உள்ளே படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை நெருக்குகிறது. மாரடைப்புக்கு ஓரடி முன்னால் நிற்கும் நிலை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் இந்த நிலையற்ற நெஞ்சுவலி உள்ள 468 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1987இல் முடிவு வெளியானது. சிலருக்கு மருந்து மட்டும், மற்றவர்களுக்கு பைபாஸ். இரண்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அப்படியானால் சத்திரசிகிச்சை வீணா? இல்லை. இதயத்தின் பம்ப் பண்ணும் வலு குறையக் குறைய மருந்துப் பக்கத்தில் இறப்பு கூடியது. பைபாஸ் பக்கத்தில் அப்படிக் கூடவில்லை. மருந்தில் தொடங்கியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் பிறகு பைபாஸுக்கே வந்தார்கள். அன்று கொழுப்பைக் குறைக்கும் இன்றைய ஸ்டேட்டின் மாத்திரையும் இல்லை, குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டும் இல்லை. அந்த எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் இதயம் பலவீனமானவருக்கே இலாபம் அதிகம் என்பதை நான் இன்றும் நம்புகிறேன்.

சீனி வருத்தமும் பல குழாய் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கும் பைபாஸ் நல்லது. 2012இல் வந்த ஆய்வில், ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 வீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 வீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ஏன் உடனே செய்வதில்லை? நோ கொதித்துக்கொண்டிருக்கும்போது அவசரமாகத் திறந்தால் ஆபத்து அதிகம். முடிந்தால் மருந்தால் அடக்கிவிட்டுத்தான் சத்திரசிகிச்சை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரை எடுப்பவர் என்றால், இரத்தப்போக்குக்குப் பயந்து வழக்கமாக ஐந்து நாள் நிறுத்திவிட்டுச் செய்வார்கள். வீட்டில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சிலிருந்து எடுத்துப் பொருத்தும் நாடி நெடுநாள் உழைக்கும். காலிலிருந்து எடுக்கும் நாளம் அவ்வளவு தாங்காது. பத்து வருடத்தில் பல அடைபட்டுவிடும், சிகரெட் விடாதவருக்கு இன்னும் சீக்கிரம். நோ திரும்பினால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு இராமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பழைய டயக்னோசிஸ் கார்ட்டும் கையோடு வரட்டும். எந்தக் குழாயை எங்கே பொருத்தினார்கள் என்று தெரியாமல் அஞ்சியோகிராம் (இதயக் குழாய்களைப் படம்பிடிக்கும் பரிசோதனை) செய்பவர் தேடித் திரிய வேண்டியிருக்கும்.