விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'அமெரிக்கப் புரட்சிக்குப் பெரிதும் காரணம் வரிச்சுமையா, உரிமை மறுப்பா?' இதுதான் தலைப்பு. உரிமை மறுப்பே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது, அதை அடைக்கத்தான் வரிமேல் வரி வந்தது, வயிறு எரிந்த மக்கள் கிளம்பினார்கள் என்றார் எதிரணித் தலைவர். கடன் உண்மை. வரியும் உண்மை. வரி எவ்வளவு என்று மட்டும் அவர் வாயே திறக்கவில்லையே, கவனித்தீர்களா?

1764 சர்க்கரைச் சட்டம், மொலாசஸ் என்ற கரும்புப் பாகுக்கு ஒரு கேலனுக்கு ஆறு பென்ஸ் இருந்த தீர்வையை மூன்றாகக் குறைத்தது. பழைய வரி ஏட்டில்தான் இருந்தது, இதைக் கறாராக வசூலித்தார்கள் என்று எதிரணி சொல்லும். சரி, எப்படி வசூலித்தார்கள்? வழக்கு வந்தால் ஜூரியே இல்லாத கடல்துறை நீதிமன்றம். சரக்கைப் பிடித்துக்கொண்டால், தப்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சரக்குக்காரர் தலையில். மூன்று பென்ஸா அவர்களைச் சுட்டது?

1765-இல் பத்திரம், செய்தித்தாள் போன்ற காகிதங்களுக்கு முத்திரை வரி. கொந்தளிப்பு. மறு வருடமே ரத்து செய்துவிட்டார்கள். வரிதான் காரணம் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரத்தான அதே நாளில் இன்னொரு சட்டம் வந்தது: எந்த விஷயத்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சொன்னது. அந்த நாடாளுமன்றத்தில் அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

தேயிலைக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. இதில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு: 1769-இல் ஹைதர் அலியுடன் நடந்த போரின் செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. கிடங்கில் தேங்கிய தேயிலையைத் தள்ளிவிட 1773-இல் சட்டம். அதனால் அமெரிக்காவில் தேயிலை விலை கூடவில்லை ஐயா, குறைந்தது! கடத்தல் தேயிலையைவிட மலிவாகக் கொடுக்க வழி பிறந்தது. அந்த மலிவுச் சரக்கில் 342 பெட்டிகளை டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் உடைத்துக் கொட்டினார்கள். சட்டைக்குள் கொஞ்சம் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தவரைக் கூட வந்தவர்களே பிடித்தார்கள்.

காரணம், அந்தத் தேயிலையில் ஒட்டியிருந்த மூன்று பென்ஸ் தீர்வை போன இடம். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் அதிலிருந்து என்று முடிவாகியிருந்தது. அதுவரை மக்கள் சபை கொடுத்த சம்பளம். சம்பளம் சபையிடம் இருந்தவரை கவர்னர் சபையைக் கேட்க வேண்டியிருந்தது. இனி யாரைக் கேட்பார்?

1774-இல் லண்டன் பதிலடி கொடுத்தது. பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். மாசசூசெட்ஸ் மேல்சபைக்கு இனி அரசர் ஆள் போடுவார். கவர்னர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் கூட்டக் கூடாது, வருடாந்தரக் கூட்டம் தவிர. கேட்டுக்கொள்ளுங்கள், ஊர்க்கூட்டம்! பாலம், பள்ளிக்கூடம், சாலை என்று தங்கள் ஊர்க் காரியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே பேசி முடித்தவர்களிடம் இதைச் சொன்னார்கள்.

அதே வருடம் செப்டம்பர் 6, மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊர். முப்பத்தேழு ஊர்களிலிருந்து 4,600 பேருக்கு மேல் திரண்டு தெருவின் இரு பக்கமும் நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள். நீதிமன்றம் திறக்க வந்த நீதிபதிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசைக்கு நடுவே நடந்தார்கள். லண்டன் போட்ட இந்தப் புதுச் சட்டத்தின்படி நீதிமன்றம் நடத்த மாட்டோம் என்று எழுதியதைப் படித்தபடியே நடந்தார்கள். கடைசியில் நிற்பவர் காதிலும் விழ வேண்டுமே, அதற்காகத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. புரட்சிப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் சண்டைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அன்றைக்கே அந்த வட்டாரத்தில் அரசர் ஆட்சி போய்விட்டது.

அந்த நீதிபதிகள் வரி வசூலிக்கவா வந்தார்கள்? அந்த விவசாயிகள் எந்த வரியை ரத்து செய்யச் சொன்னார்கள்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நன்றி, வணக்கம்.