கியால் என்றால் வாயுவா?

அவைத்தலைவர் அவர்களே, மொழிபெயர்ப்புத் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, புறநோயாளிகளை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் மனநல மருத்துவர்களே, நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இதை ஒரு மொழிபெயர்ப்பாளருக்குப் போர்த்தியிருக்கலாம்.

அகதியின் மனக்காயத்தை அளப்பதில் மூன்று சிக்கல்: சொல், அளவுகோல், ஆள்.

"தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். வந்தவர் சொன்னதே பாதி வழியில் தொலைந்தால்?

சர்வாதிகாரி போல் பாட்டின் ஆட்சியில் தப்பி அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய மூதாட்டி ஒருவர் மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எழுந்து நின்றாலே கியால் ஏறுது" என்கிறார். கெமர் மொழியில் கியால் என்றால் காற்று. கூட வந்த 13 வயதுப் பேரன் "பாட்டிக்கு வாயு" என்கிறான். சீட்டில் வாயு மாத்திரை! சிரிக்கிறீர்கள். நம் பாட்டி "நெஞ்சுல வாயு அடைக்குது" என்றால் மட்டும் என்ன நடக்கிறதாம்? மூதாட்டி சொன்னது வேறு. காற்று ரத்தத்தோடு மேலேறும், கழுத்து நரம்பு வெடிக்கும், செத்துப்போவோம் என்ற கிலி அது. அந்தக் காற்று வெளியேறட்டும் என்று வீட்டில் நாணயத்தால் முதுகைச் சுரண்டிவிட்டிருப்பார்கள். சிவந்த கோடுகளைக் கண்ட மருத்துவர், "யார் அடித்தது?" என்று அடுத்த விசாரணையைத் தொடங்குவார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறியும் கையேடான டிஎஸ்எம்-5 கியாலைப் பண்பாடு சார்ந்த துயர வடிவமாகச் சேர்த்தது. கழுத்தைப் பற்றிக் கேட்காத வினாத்தாளில் அது சிக்காது.

வினாத்தாளை ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது வழக்கம். அது மட்டும் போதாது. பழைய கொடுமை இப்போதே மறுபடி நடப்பதுபோல் தோன்றுவதைக் குறிக்கும் 'ஃப்ளாஷ்பேக்' என்பதைப் 'பின்னோட்டக் காட்சி' என்று எழுதுங்கள். திரும்பும்போது பிசகாமல் 'ஃப்ளாஷ்பேக்' என்றே வரும். முகாமில் இருப்பவருக்கோ ஒன்றும் புரியாது. அந்த மொழிக்காரர் சிலரிடம் படித்துக்காட்டி, "இது என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

அளவுகோலுக்கு நேரமில்லை. அகதிகளின் மனக்காயத்தை அளக்கும் ஹார்வர்ட் அதிர்ச்சி வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்; சராசரி 2.5ஐ எட்டினால் மனக்காயம் இருக்கலாம் என்பது எல்லை. அந்த எல்லையை வேறு மொழிக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள். எண் புரியாதவருக்கு நான்கு தம்ளர் படம் காட்டுங்கள்: காலி, கால், அரை, முழுசு.

ஆளுக்கு வருகிறேன். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; பாலியல் கொடுமையைத் தாய் மகன் வழியாகச் சொல்லமாட்டார். அகதி எந்தத் தரப்புக்குப் பயந்து ஓடிவந்தாரோ அந்த எதிர்த்தரப்பு ஆளும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் "அவர் பயப்படுகிறாராம்" என்று அல்ல, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றே சொல்லட்டும். நேரம் இருமடங்கு ஒதுக்குங்கள். திருகுவலி தனக்கு வராதவருக்கும் சம்பளம் கொடுத்தால் காது திறக்கும்! அரசு மனநலப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில் இருக்கும், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகளுக்கும் சேர்த்துத்தான். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறோம்.