மூன்று மாத்திரை அட்டை

மருந்துக் கடையில் போய் "சளிக்கு ஏதாச்சும் குடுங்க" என்றால், பல நேரம் கைக்கு வருவது அசித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவுக்கான மருந்து. நாளுக்கு ஒன்று, மூன்றே நாள். இந்தச் சௌகரியத்தில்தான் வினை இருக்கிறது, பெரியோர்களே.

இரத்தத்தில் அந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் பிடிக்கும். மாத்திரை தீர்ந்த பிறகும் பல நாள் உடம்பில் அரைகுறை அளவில் தங்கியிருக்கும். வந்ததோ வைரஸ் சளி; அதற்கு இம்மருந்தால் பயனில்லை. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் நிமோனியா தரவல்ல நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா சும்மா குடியிருக்கலாம். அதில் மருந்துக்கு அடங்குகிறவை சாகும், அடங்காதவை இடம்பிடிக்கும். போதாததற்கு, அது அக்கம்பக்கத்துக் கிருமிகளின் டிஎன்ஏ துண்டுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளும். செத்துப்போன கொடிய நிமோகாக்கஸோடு சேர்ந்த சாதுவான நிமோகாக்கஸ் தானும் கொடியதாக மாறியதை விஞ்ஞானி கிரிஃபித் 1928இல் எலிகளில் கண்டார்; அந்த விந்தைக்குக் காரணம் இந்தக் குணமே.

பென்சிலினிடம் அது வேறு வித்தை காட்டுகிறது. மருந்து ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றிக்கொள்கிறது. அங்கே, மருந்தை உடைக்கும் நொதியைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்த்துப் பயனில்லை. பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் அளவைக் கூட்டினால் பெரும்பாலும் பலிக்கும். அதனால்தான் எதிர்ப்பு மிகுந்த இடங்களில் குழந்தையின் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80–90 மில்லிகிராம் வரை மருத்துவர் எழுதுகிறார். இருமல் தரும் இன்னொரு பாக்டீரியாவான ஹீமோஃபிலஸ் கிருமியோ மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கலாம். அங்கே கிளாவுலானிக் அமிலம் கைகொடுக்கும். இருமல் ஒன்றுதான், விடை இரண்டு.

எந்தக் கிருமி என்று அறியத்தான் சளிப் பரிசோதனை. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், காலையில், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்தில் வெள்ளணுக்கள் 25க்கு மேலும், வாய்த்தோல் செல்கள் 10க்குக் கீழும் இருந்தால் நல்ல மாதிரி. தோல் செல்களே நிறைந்திருந்தால் அது எச்சில். அதிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்த்து வரும் ரிப்போர்ட் குழப்பத்தான் செய்யும். சளி பச்சையாக இருக்கிறதே என்பீர்கள். அந்த நிறம் வெள்ளணுவின் நொதியால் வருவது, வைரஸ் சளியிலும் வரும்.

சிறு குழந்தைகளிடம் சளி எடுப்பது கடினம். அவர்களிடம் வேகமான மூச்சு நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதன்பின் ஐந்து வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சுக்கூடு உள்வாங்கினால் நேரே ஆஸ்பத்திரி.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம்: 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம். போட்ட பிள்ளையின் தொண்டையில் தடுப்பூசிக்கு உட்பட்ட வகைகள் தங்குவது குறைவதால், மடியில் வைத்துக் கொஞ்சும் தாத்தா பாட்டிக்கும் அவை தொற்றுவது குறைகிறது.