பெயர் வைக்க முடியாத நிறம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் சிறு வயதில் கேட்ட பேய்க் கதைகளில் பேய்க்கு ஓர் உருவம் இருந்தது. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், தரையில் பாவாத கால் என்று பாட்டிமார் அடையாளம் சொல்லித்தான் நம்மை அச்சுறுத்தினார்கள். இன்று நான் பேசப்போகும் கதையில் வருவதற்கு உருவமே கிடையாது. அது வெறும் நிறம். மனிதர் எவரும் அதற்கு முன் கண்டிராத நிறம். அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதிய 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' என்ற அந்தக் கதை 1927 செப்டம்பரில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் வெளியானது. நான் அதைப் படித்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

1882ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பண்ணை வீட்டின் கிணற்றருகே விண்கல் ஒன்று விழுகிறது. அதைச் சூடாக்கி, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியில் பார்த்த பேராசிரியர்களுக்கு, தாங்கள் அறிந்த எந்த நிறத்தோடும் சேராத ஒளிப்பட்டைகள் தெரிகின்றன. பிறகு தோட்டத்துப் பழங்கள் பெருத்துக் கொழுத்துக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசக்கின்றன. மாடுகள் சாம்பல் பூத்து நொறுங்குகின்றன. அந்த வீட்டு மனிதர்களும் அப்படியே ஆகிறார்கள். வேறு சொல் கிடைக்காததால்தான் அதை நிறம் என்றே சொல்கிறோம் என்று கதை நமக்குச் சொல்கிறது. இந்த வகைப் பிரபஞ்சத் திகில் கதைகளில் நம்மைப் பகைக்கிற பேய் இல்லை; நம்மைப் பொருட்படுத்தவே செய்யாத ஒன்று வந்துவிட்டுப் போகிறது.

அப்படி ஒரு புதிய நிறம் உண்மையிலேயே இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை எனக்குள் கூர்மையாக்கியவர் என் அம்மா. அவர் அந்தக் கதையைப் படித்தவர் அல்லர்.

அம்மாவிடம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை இருந்தது. பாவில் ஒரு நிற நூலும் ஊடையில் வேறு நிற நூலும் ஓட்டி நெய்வதால், மடிப்பைத் திருப்பத் திருப்பப் பச்சையும் நீலமுமாக மாறித் தெரியும் சேலை அது. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கக்கூடும். வயதாக ஆக அம்மா அதைப் பச்சைச் சேலை என்றே சொல்லத் தொடங்கினார். ஒரு கண்ணில் கண்புரை எடுத்துக் கட்டுப் பிரித்த வாரம், அவ்வாண்டுத் தைப்பூசத்துக்கு உடுத்த அதை வெளியே எடுத்தவர், கட்டிலில் அமர்ந்து நெடுநேரம் அசையவே இல்லை. "சா சாரி லா பிளே," என்றார் எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில். இந்தச் சேலை நீலமாக இருக்கிறதே என்று பொருள். பிறகு அறுவை செய்த கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்த்து, "வேர்," பச்சை என்றார். கையை மாற்றினார்: நீலம். மீண்டும் மாற்றினார்: பச்சை. முந்தானையை விரலிடுக்கில் பிடித்தபடி, "எதுடா நிசம்?" என்று என்னைக் கேட்டார். இரண்டுமே உங்கள் கண்தானே அம்மா என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

நடந்தது இதுதான். வயதேற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் விழிவில்லை மஞ்சளடித்து, நீல ஒளியைத் தடுத்து நிறுத்துகிறது. புரை அறுவையில் அந்த வில்லையை எடுத்துவிடுவதால் நீலம் மீண்டும் உள்ளே வருகிறது. ஓவியர் குளோட் மோனேக்கு 1923இல் ஒரு கண்ணில் இந்த அறுவை நடந்த பிறகு எல்லாம் நீலமாகத் தெரிவதாக முறையிட்டார். சேலை மாறவில்லை, நேயர்களே, வெயிலும் மாறவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போவோம். நம் கண் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரையான அலைநீளமுள்ள ஒளியைத்தான் காண்கிறது. அதற்கு அப்பாலும் ஒளி உண்டென்று 1800இல் வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்பையும், மறு ஆண்டு யோஹன் ரிட்டர் புற ஊதாவையும் கண்டறிந்து காட்டினார்கள். புற ஊதாவைப் பெரும்பாலும் தடுப்பது நம் விழிவில்லையே. 1949இல் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தும் வரை, புரை எடுத்தவர்கள் வில்லையே இல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கண்ணுக்குள் புற ஊதா ஓரளவு நுழைந்தது. அவர்கள் கண்டது என்ன? புதிய நிறம் அன்று. வெளிறிய நீலம், நமக்குப் பழகிய அதே நீலம்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். எவ்வளவு புதிய ஒளி உள்ளே வந்தாலும், நம் விழித்திரையில் உள்ள நிறம் அறியும் மூன்று வகைக் கூம்பு செல்கள் மட்டுமே அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். அந்த மூன்று சாட்சியங்களிலிருந்து மூளை தீர்த்துச் சொல்வதே நிறம். ஆகவே லவ்கிராஃப்டின் நிறம் வானத்திலிருந்து வந்த ஒளி மட்டுமாக இருந்தால், பேராசிரியர்கள் ஒன்று அதைக் காணாமலே இருந்திருப்பார்கள், அல்லது ஏதோ ஓர் ஊதா என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் உண்மையாகவே புதிய நிறத்தைக் கண்டார்கள் என்றால், அது மாட்டையும் மரத்தையும் தொடுவதற்கு முன்பே அவர்களுடைய கண்ணுக்கும் மூளைக்கும் உள்ளே கை வைத்துவிட்டது என்று பொருள். அந்தக் கதையில் நான் மிகவும் அஞ்சும் பக்கம், நிறமாலைக் கருவியின் முன்னே அவர்கள் குனியும் பக்கம்தான்.

2019இல் இக்கதை திரைப்படமானபோது, காட்டியே ஆக வேண்டிய கட்டாயத்தில் மஜெந்தாவைத் தேர்ந்தார்கள். காவடி நாளில் நம் வீதிகளை நிறைக்கும் உடைகளின் நிறம், நம் வேலிக் காகிதப் பூவின் நிறம். நாம் தினமும் காண்பதுதான் என்றாலும் அது நல்ல தேர்வு என்பேன், ஏனெனில் வானவில்லில் மஜெந்தா கிடையாது. தனி அலைநீளம் எதுவும் அதைத் தருவதில்லை. சிவப்பும் நீலமும் சேர்ந்து வரும்போது மூளை தானாக ஆக்கிக்கொள்வது அது.

நேரம் நெருங்கிவிட்டதால், விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடக்கி வைத்திருக்கும் மான்டிஸ் இறால் என்ற, இறால் போன்ற உயிர் ஒன்று பவளப்பாறைகளிடையே வாழ்கிறது. அதன் கண்ணில் நிறம் அறியும் செல்கள் 12 வகை. நாம் கனவிலும் காணாத நிறங்கள் அதற்குத் தெரியும் என்றே நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். 2014இல் வெளியான ஆய்வில், நாம் எளிதாகப் பிரித்தறியும் அண்டை நிறங்களைக்கூட அதனால் பிரித்தறிய முடியவில்லை என்று தெரிந்தது. அந்த 12 சாட்சிகளையும் வைத்துக்கொண்டு அது எதைக் காண்கிறது என்று அதன் கண்ணுக்குள் புகுந்து பார்த்துவர நமக்கு வழியில்லை. வணக்கம்.