கட்டின காசு கட்டிப்போடும்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே, இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணித் தம்பிகளே, இந்த மழையிலும் கோயில் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் கெடா மாநிலத்து பீடோங் வட்டாரச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'குடும்ப விடுமுறைக்கு ஏற்றது எல்லாம் அடங்கிய ரிசார்ட்டா, நாமே திட்டம் போட்டுச் சுற்றும் பயணமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி ரிசார்ட்டுக்கு மூன்று காரணம் சொன்னார். ஒரே விலை, அதனால் கடைசி நாள் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்க வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தனி கிளப். அம்மாவுக்கு ஓய்வு. நன்றாகத்தான் பேசினார். கைதட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை மாதிரி சொன்னார். 1950-இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்காத் தீவில் கூடாரம் அடித்து கிளப் மெட்டைத் தொடங்கினார். பிறகு அது நம் பகாங் செராத்திங் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஐயா, 'எல்லாம் அடங்கியது' என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும். நாம் அதற்குத் தோட்டம் என்று பேர் வைத்திருந்தோம்.

என் பாட்டி பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, பால் மரம் வெட்டியது எல்லாம் ஒரே ரப்பர்த் தோட்டம். இருக்க வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, கம்பெனி கொடுத்தது. தண்ணீர் வாசல் குழாயில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை. தம்பி சொன்ன பிள்ளைகள் கிளப் அதுதான், கலர் பென்சில் மட்டும் கிடையாது. காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி. தமிழ்ப்பள்ளி உள்ளே, மாரியம்மன் உள்ளே, மளிகைக்கடை உள்ளே. எப்போதாவது திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். ரிசார்ட்டில் கையில் ஒரு பட்டை மாட்டிவிடுகிறார்களே, பாட்டிக்கு அது செக்ரோல் பேர், அதாவது தோட்டத்து ஆள் கணக்குப் பதிவேட்டில் இருந்த பேர். எதற்கும் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. அவளும் போகவில்லை. தஞ்சோங் டாவாய் கடல் இங்கிருந்து எவ்வளவு தூரம்? காரில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பாட்டி முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது அவளுக்கு வயது அறுபத்திரண்டு.

தோட்டமும் ரிசார்ட்டும் ஒன்று என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? அங்கே முதுகு ஒடிந்தது, இங்கே பர்ஸ் ஒடிகிறது, அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். உள்ளே எல்லாம் கிடைத்துவிட்டால் கால் வாசலைத் தாண்டாது. அதிலும் காசை முன்கூட்டியே கட்டிவிட்டால் சுத்தமாகத் தாண்டாது. கட்டின காசு நம்மைக் கட்டிப்போட்டுவிடும்.

அனுபவித்துத்தான் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் கிழக்குக் கரையில் அப்படி ஓர் இடத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். பேர் வேண்டாம். 'மூன்று நாள் இரண்டு இரவு' என்றார்கள். அறை கொடுத்தது முதல் நாள் மதியம் மூன்று மணிக்கு, காலி செய்யச் சொன்னது மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு. கூட்டிப் பாருங்கள், நாற்பத்தைந்து மணி நேரம். தூக்கத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தம்பி கால்குலேட்டரில் தட்டட்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு மாக்சிக், மலாய்க்கார அம்மா, சூடாகக் கெரோபோக் லெக்கோர் என்ற மீன் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். வாசனை உள்ளே வரைக்கும் வந்தது. சின்னவள் கேட்டாள். என் வீட்டுக்காரர் சொன்னார்: "உள்ளதான் சாப்பாடு இருக்கே, காசு கட்டியாச்சு." ஐந்து வெள்ளிக் கெரோபோக், ஐயா! அதை வாங்கினால் ஏற்கெனவே கட்டின ராத்திரிச் சாப்பாடு வீணாகிவிடுமாம். உள்ளே போய் ஸ்பாகெட்டி சாப்பிட்டோம். அதையும் 'போட்ட காசை எடுக்கணும்' என்று பெரியவன் மூன்று தட்டு சாப்பிட்டு, விடிய விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பீடோங்கிலிருந்து தீபகற்பத்தின் அந்தக் கோடிக்குப் போய், அந்த ஊர்ப் பண்டத்தை வாயில் வைக்காமல் திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது.

ஒரே விலை என்கிறீர்களே, அந்த விலைக்குள் என்ன அடங்கியிருக்கிறது? இங்கே நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் நாம் வாங்கும் பேக்கேஜ் பெரும்பாலும் ஃபுல்போர்ட். சாப்பாடு, படகு, மீன் பார்க்கும் பயணம், அதோடு சரி. எல்லாம் அடங்கியது என்று விற்கும் இடங்களில் பெரும்பாலும் பாரும் சேர்த்தி. மதுவுக்கு நம் நாட்டில் வரி எவ்வளவு என்று குடிப்பவர்களைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வார்கள். அந்தச் செலவு எல்லோர் கட்டணத்திலும் கரைந்துதான் கிடக்கிறது. எங்கள் ஐந்து பேரில் குடிப்பவர் யாரும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் குடித்ததற்கு நாங்கள் மொய் எழுதிவிட்டு வந்தோம். சரி, குடிக்கிற பெரியப்பாவைக் கூட்டிப்போனால் கணக்கு நேராகிவிடுமா? அவர் ஐந்து பேர் பங்கையும் தானே தீர்த்துவிடுவார், அப்புறம் அது குடும்ப விடுமுறையா? ஐயா, 1947-இல் தொண்டர் படைக்காரர்கள் கள்ளுக்கடை வேண்டாம் என்று போராடிய ஹார்வர்ட் தோட்டம் இந்த பீடோங்கில்தான் இருக்கிறது. இந்த மண்ணில் நின்றுகொண்டு 'வரம்பில்லாமல் குடிக்கலாம், அதுவும் அடக்கம்' என்று தம்பி பெருமையாகச் சொல்கிறார்!

இன்னொன்று. நமக்கு நீண்ட விடுமுறை எப்போது? ஆண்டு இறுதியில். கிழக்குக் கரையில் பருவமழை எப்போது? நவம்பரிலிருந்து மார்ச் வரை. தீவில் உள்ள ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மூடிவிடும். கரையில் திறந்திருக்கும் இடத்திலோ சிவப்புக் கொடி பறக்கும், கடலில் கால் வைக்க விடமாட்டார்கள். நாமே போட்ட திட்டமாக இருந்தால் மழையைப் பார்த்துவிட்டு வண்டியை மேற்கே திருப்பலாம். முழுக்காசையும் கட்டியவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது அம்மாவின் ஓய்வுக்கு வருகிறேன். இதுதான் எதிரணியின் பெரிய துருப்புச்சீட்டு, இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த இரண்டு நாளும் நான் கரண்டி பிடிக்கவில்லை. அது சுகம்தான், இல்லை என்றால் என் நாக்கு அழுகிவிடும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் அங்கே போகட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் எனக்கு ஓய்வு கொடுக்க வேண்டியது ரிசார்ட்டா, என் வீட்டுக்காரரா?

போன வருடம் நாமே திட்டம் போட்டு பங்கோர் தீவுக்குப் போனோம். லூமுட்டில் ஃபெர்ரி ஏறி, அந்தப் பக்கம் இறங்கியதும் ரோஸ் கலர் வேன். ஃபெர்ரி நேரம் பார்ப்பது பெரியவன் பொறுப்பு. காசுப்பை சின்னவள் கையில், பன்னிரண்டு வயது. ஐஸ்கிரீமுக்குக் கை நீட்டிய அப்பாவிடம் "பட்ஜெட் இல்லப்பா" என்று சொல்லிவிட்டாள். காலையில் இவர் எழுந்து போய்க் கடையில் நாசி லெமாக் பங்குஸ், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கி வந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான் படுக்கையில் இருக்கும்போதே பசியாறக் கொண்டுவந்து கொடுத்த முதல் நாள் அதுதான். ரிசார்ட்டில் அவருக்கு அந்த வேலையே வரவில்லை, வந்திருந்தால் அன்றைக்கே செய்திருப்பார், பாவம்.

தப்பும் நடந்தது, மறைக்கவில்லை. டச்சுக் கோட்டைக்குப் போகிற வழியில் செம மழை. குடை வேனில். மாமியார் முணுமுணுத்தார். கடலோரக் காளியம்மன் கோயிலில் ஒதுங்கி நின்றோம். அங்கே நெத்திலிக் கருவாடு காயவைக்கும் ஓர் அம்மா மாமியாரிடம் பேச்சுக் கொடுத்தார். எந்தத் தோட்டம், யார் மகள், எந்த லயம் என்று விசாரித்து முடிப்பதற்குள் மழை விட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு கிலோ நெத்திலியோடுதான் மாமியார் வேனில் ஏறினார், அதுவும் விலை குறைத்து. முணுமுணுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. எந்த பேக்கேஜில் இதைப் போட்டு விற்பார்கள், தம்பி?

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் ஐயா, இதோ முடித்துவிடுகிறேன். கடாரம் கொண்டான் ராஜேந்திர சோழன் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்தக் கடாரத்துப் பழங்கற்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்து மெர்போக்கில்தான் இருக்கிறது. இந்த மண்டபத்தில் எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள்... ஏழு கை. அதில் இரண்டு என் வீட்டுக் கை. வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் வேன் கோயில் வாசலிலிருந்து கிளம்புகிறது, இரண்டு இடம் காலி. எதிரணித் தம்பி தாராளமாக வரலாம். சாப்பாடு மட்டும் அடங்காது, அவரவர் செலவு.

நன்றி, வணக்கம்.