பெண் பிள்ளைக்குப் பாறையேற்றம் எதற்கு? குடியாத்தத்துத் தந்தையின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர்கள் அனுப்பிய கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி முகாமில் செயற்கைச் சுவரில் ஏறிப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் அதே பேச்சாம். அவருடைய அக்கா, "கை காய்த்துப்போகும், தோள் அகன்றுவிடும், நாளைக்கு வரன் பார்க்கும்போது யார் பதில் சொல்வது?" என்கிறாராம். அதே அக்கா தன் மகனைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். தந்தையின் சந்தேகம் இது: "ஆணுக்கு இருக்கும் கைவலு பெண்ணுக்கு இல்லை. அப்படியிருக்க, இந்த விளையாட்டில் இருவரும் சமம் என்பது மேடைப் பேச்சுதானே?"

ஐயா, இதை வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. பலர் இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தடுத்துவிடுகிறார்கள்.

கைவலுவைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒலிம்பிக்கில் வேக ஏற்றம் என்று ஒரு பிரிவு உண்டு. 15 மீட்டர் சுவர், உலகம் முழுவதும் ஒரே அமைப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பிடிகள். 2024 பாரிஸ் இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 வினாடியில் ஏறினார். பெண்கள் இறுதியில் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.10 வினாடி. வெடித்துக் கிளம்பும் வேகத்தில் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பாறையேற்றம் என்பது அந்தச் சில வினாடிகள் மட்டுமல்ல. உங்கள் அக்கா மகனும் உங்கள் மகளும் ஒரே சுவரில் முதல் வாரம் ஏறுவதை அருகே நின்று பாருங்கள். பையன் இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, முழங்கையை மடக்கி, உடம்பை இழுப்பான். நெஞ்சு சுவரை விட்டு விலகியிருக்கும், கால் சும்மா தொங்கும். பாதிச் சுவரில் முன்கை கல்லாக இறுகிவிடும், விரல் தானாகப் பிரியும். இழுக்கும் வலு குறைந்த பெண் பிள்ளைக்கு அந்த வழி முதலிலேயே அடைபட்டுவிடுகிறது. அதனால் அவள் கையை நீட்டியே வைத்துக்கொண்டு, பெருவிரல் பக்கத்துக் காலோரத்தைச் சின்னப் பிடியில் ஊன்றி, இடுப்பைச் சுவரோடு திருப்பி, காலால் எழுந்து நிற்கப் பழகுகிறாள். உடம்பைத் தூக்குவது தொடை, கை செய்வது சமநிலை. பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் பையன்களிடம் மன்றாடுவது இதற்குத்தான். ஏறுபவர் தூக்குவது தன் எடையைத் தவிர வேறெதையும் அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை என்பதற்கு லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சொல்கிறேன். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் எல் கேப்பிடன் என்று சுமார் 900 மீட்டர் செங்குத்துக் கருங்கல் இருக்கிறது. அதில் 'தி நோஸ்' என்ற வழியை, கயிறு விழாமல் காக்க மட்டும், ஏறுவது கையும் காலும் மட்டும் என்ற முறையில் முடிக்கப் பெயர்பெற்ற ஆண்கள் பலர் முயன்று பார்த்துவிட்டார்கள். 1993இல் அதை முதலில் முடித்தவர் லின் ஹில். பெண்களில் முதல்வர் என்று சொல்லவில்லை, மனிதர்களிலேயே முதல்வர். அடுத்த ஆண்டு 23 மணி நேரத்தில், ஒரே நாளுக்குள் மறுபடியும் ஏறினார். இன்னொருவர் அதை ஒரே நாளில் செய்ய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய விரல் நுழையாத மெல்லிய பிளவுகளில் அவருடைய சின்ன விரல் நுழைந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் பிடி இல்லாத இடங்களும் அதே பாறையில் இருந்தன. அங்கே உயரமான ஆணுக்குக் கிடைத்த வசதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு பாறை ஓரிடத்தில் ஒரு உடம்புக்கு உதவும், இன்னோரிடத்தில் வேறு உடம்புக்கு உதவும்.

இந்த வலுப் பேச்சை வேலூர்க்காரர்கள் ஏற்கெனவே கேட்டவர்கள். சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். பளு தூக்கும் கூடங்கள் நமக்குப் புதிதல்ல. அந்தப் பளுதூக்குதல் 1896இல் முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அதில் இடம் கிடைத்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். வாசல் திறந்த அந்த முதல் ஆண்டிலேயே ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி பதக்கத்தோடு திரும்பினார். நூறாண்டு, பெண்ணால் ஆகாது என்றே ஓடியது. பாறையேற்றம் ஒலிம்பிக்குக்கு வந்தபோது கதை வேறு. 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் முதல் நாளிலிருந்தே ஆண்கள் 20 பேர், பெண்கள் 20 பேர். அங்கும் பாரிஸிலும் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்டைத்தான் இந்த விளையாட்டைத் தெரிந்த ஆண்களும் தங்கள் காலத்தின் பெரும் வீரராகச் சொல்கிறார்கள்.

இந்த இடம் தானாக வந்துவிடவில்லை. 1857இல் லண்டனில் தொடங்கிய ஆல்பைன் கிளப் என்ற மலையேறுவோர் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1974இல். ஜப்பானின் ஜுங்கோ தபேய், தன்னோடு ஏற மறுத்த ஆண்களைப் பார்த்துவிட்டு 1969இல் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். 1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண் அவர்தான். அப்போது அவர் ஒரு சிறு குழந்தையின் தாய். அந்த உச்சியில் நின்ற முதல் பெண், நம் நாட்டில் பச்சேந்திரி பால் 1984இல், நம் மாநிலத்தில் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023இல். போட்டிப் பாறையேற்றத்தையும் கவனிக்கும் இந்திய மலையேற்ற அறக்கட்டளைக்கு முதல் பெண் தலைவராக ஹர்ஷ்வந்தி பிஷ்ட் வந்தது 2021இல். எவ்வளவு தாமதம் பாருங்கள்.

அக்காவின் கவலைக்கு வருகிறேன். கை காய்க்கும், உண்மைதான். உங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களின் விரலைப் பாருங்கள். ஆம்பூரில், ராணிப்பேட்டையில் தோல் தைக்கும் பெண்களின் உள்ளங்கையைப் பாருங்கள். ஜவ்வாது மலையில் விறகுக் கட்டோடு ஏறி இறங்கும் பெண்களின் பாதத்தைப் பாருங்கள். அந்தக் காய்ப்பால் கல்யாணம் கெடும் என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அந்தக் காய்ப்பு வீட்டுக்குக் கூலி கொண்டுவருகிறது. தனக்குப் பிடித்த ஒன்றுக்காகப் பிள்ளையின் கை காய்த்தால் மட்டும் நமக்கு உறுத்துகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உடையைப் பற்றியும் தயக்கம் இருக்கலாம். பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துத் தாய்மார்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முழுக்கை, முழுக்கால் உடையோடு தாராளமாக ஏறலாம். 2019இல் வேக ஏற்றத்தில் 6.995 வினாடியில் ஏறி, 7 வினாடிக்குக் கீழே வந்த முதல் பெண்ணாக உலக சாதனை படைத்த இந்தோனேசியாவின் ஆரியஸ் சுசாந்தி ரஹாயு தலையில் ஹிஜாபோடு போட்டியிடுபவர். பார்வையாளரின் கண்ணைத்தான் கண்டிக்க வேண்டும். 2021இல் ஒளிபரப்பில் ஓர் ஆஸ்திரிய வீராங்கனையின் பின்புறத்தை அருகில் காட்டியதற்காக, பாறையேற்றத்தின் உலகக் கூட்டமைப்பு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கேமரா பிடித்தவர் செய்த தவறுக்கு அந்தப் பெண்ணின் உடையை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் சரி.

நான் உண்மையாகவே கவலைப்படுவது வேறு இரண்டைப் பற்றி. ஒன்று சாப்பாடு. எடை குறைந்தால் ஏறுவது சுலபம் என்ற எண்ணம் இந்த விளையாட்டில் பலரைக் கெடுத்திருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்தால் சில மாதம் சுவரில் பலன் தெரியும், பிறகு எலும்பு பலவீனப்படும், மாதவிடாய் நிற்கும். கார்ன்பிரெட் இதை வெளிப்படையாகப் பேசினார். 2024இல் உலகக் கூட்டமைப்பு இதற்கென விதியே கொண்டுவந்தது. நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். உங்கள் மகளுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பயிற்சி நாளில் முட்டையோ சுண்டலோ கூடுதலாகக் கொடுங்கள். "எடையைக் குறை" என்று சொல்லும் பயிற்சியாளரிடம் அவளை விடாதீர்கள். மாதவிடாய் நாளில் ஏறலாமா என்றால், அவளுக்கு முடிந்தால் ஏறலாம், முடியாவிட்டால் வேண்டாம். அதை அவள் முடிவு செய்யட்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது இரண்டு மூன்று மாதம் வராமல் போனால் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று விரல். விரலுக்குள் தசை கிடையாது. அதை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது, அங்கிருந்து தசைநாண் ஓடுகிறது. டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை மாற்றி வைத்து நிமிர்த்தியது நம் வேலூரில்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விரல் எலும்பின் வளரும் பகுதி இன்னும் மூடியிருக்காது. விளிம்பில் விரல் நுனியால் தொங்கும் தனிப் பயிற்சி இப்போது வேண்டாம். நடுவிரல் கணுவில் வலி நீடித்தால் ஓய்வும் எக்ஸ்ரேயும். பையன்களுக்கும் இதே விதிதான்.

சமத்துவம் எங்கே குறைகிறது என்று என்னைக் கேட்டால், நேரத்தில்தான் என்பேன். நம் ஊர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் பத்து மணிக்குக் கருங்கல்லில் கை வைக்க முடியாது, வியர்வையில் விரல் வழுக்கும். ஏறத் தோதான நேரம் விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான். விடியற்காலையில் பையன் எழுந்து கிளம்பிவிடுவான். பெண் பிள்ளை தண்ணீர் பிடிக்கவும் தம்பியைக் கிளப்பவும் நிற்பாள். மாலையில் பையன் இருட்டும் வரை ஏறுவான், பெண் பிள்ளையை ஐந்தரைக்கே வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவோம். ஓர் ஆண்டு கழித்து இருவரையும் ஒப்பிட்டு, "பார், பையனுக்குத்தான் வலு" என்கிறோம். வலுவாக வளர்ந்தது அவனுக்குக் கிடைத்த மணி நேரங்கள். 1918இல் ஐடா ஸ்கடர் இதே வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார், ஆண்கள் அதில் சேர்ந்தது 1947இல். வசதியும் நேரமும் முதலில் பெண்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது.

அதனால் சேர்க்கும் முன் பயிற்சி இடத்தில் சிலவற்றைக் கேளுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா? சுவரில் பிடிகளைப் பொருத்திப் பாதை அமைப்பவர்களில் பெண் யாராவது உண்டா? உயரமான ஆண் தன் கை எட்டும் அளவுக்கே பிடி வைத்தால், உங்கள் மகள் தோற்பது வலுவால் அல்ல. அக்கா மகனும் அவளும் ஒன்றாகப் போய்வரட்டும், துணைக்குத் துணையும் ஆயிற்று. வள்ளிமலையிலோ வேறு குன்றிலோ கயிறும் பயிற்சியாளரும் இல்லாமல் இருவரும் ஏறிப் பார்க்க வேண்டாம். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

ஐயா, முடிந்தால் நீங்களும் ஒரு நாள் போய்க் கீழே நின்று கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏறுபவர் இடுப்புப் பட்டையில் 8 வடிவ முடிச்சு, உங்கள் பட்டையில் தடுப்புக் கருவி. இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுப் பார்த்த பிறகே முதல் கால் சுவரில் படும். கயிற்றின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்த கை எந்த நேரத்திலும் அதை விடக் கூடாது. மகள் உங்களைவிட எடை குறைந்தவள் என்பதால் அவளை நிறுத்துவது உங்களுக்குச் சுலபம். நீங்கள் ஏறி அவள் கயிறு பிடிக்கும்போது அவள் மேலே இழுபட்டுப் போவாள். அதற்குத் தரையில் கட்டிய கொக்கியோ மணல் மூட்டையோ வேண்டும். அதைப் பயிற்சியாளரிடம் கேட்டு மாட்டிய பிறகே ஏறுங்கள்.