ஒரே இடத்தில் ஒரே பிழை

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. பேசும்போது இழுத்த இழுப்பைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

வணக்கம். வாசலில் ஆளுக்கொரு நெல்லிக்காய் கொடுத்திருப்பார்கள். அதியமான் ஔவைக்குக் கொடுத்த ரகம் இல்லை, காலையில் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கியதுதான். கடித்துக்கொண்டே கேளுங்கள், இன்றைய பேச்சே அதைப் பற்றித்தான். நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி உங்களுக்கு வெளியிலிருந்து வேண்டியிருக்கிறது, கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டுக்கு வேண்டியதில்லை. ஏன்?

ஆடு, மாடு, நாய், பூனை, எலி எல்லாம் அதைத் தன் உடம்பிலேயே காய்ச்சிக்கொள்கின்றன. கல்லீரலில் சர்க்கரையை எடுத்துப் படிப்படியாக மாற்றினால் கடைசியில் வைட்டமின் சி. அந்தக் கடைசிப் படிக்கு ஒரு நொதி வேண்டும், அதைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்கு குலோ என்று பெயர். நம்மிடம் அந்த நொதி கிடையாது. வைட்டமின் சி கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது கடலில் மாதக்கணக்கில் போனவர்களுக்குத் தெரியும்: ஈறு வீங்கி ரத்தம் கசியும், என்றைக்கோ ஆறிய காயம் மறுபடி வாய் பிளக்கும். ஸ்கர்வி என்று அந்த நோய்க்குப் பெயர். 1747-ல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் ஒரு வாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

சரி, நொதி இல்லை என்றால் மரபணுவும் இல்லையா? அங்கேதான் விஷயம். இருக்கிறது! மரபணுக்களைச் சுமக்கும் கட்டுகளுக்குக் குரோமோசோம் என்று பெயர்; நம் 8-வது குரோமோசோமில், செல்லரித்த ஏடு மாதிரி, பாதிக்கு மேல் தொலைந்து, மிச்சமும் படிக்க லாயக்கில்லாமல் கிடக்கிறது. 1994-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தேடிப் பிடித்து வெளியிட்டார்கள்.

ஏடு என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் ஊர் ஊராகப் பிரதி தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு உட்கார்ந்திருந்தார் இல்லையா, அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு பிரதிகளில் சரியான வரிகள் ஒத்துப்போனால் அதிலிருந்து எதுவும் தெரியாது, சரியானது எல்லாவற்றிலும்தான் இருக்கும். பிழை ஒத்துப்போனால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதிலும் எல்லாப் பிழையும் சாட்சி சொல்லாது. ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே 'கா'வை 'கர' என்று படிப்பது திருநெல்வேலியில் ஒருவரும் தஞ்சாவூரில் ஒருவரும் தனித்தனியாகச் செய்யக்கூடிய தப்புதான். ஆனால் இரண்டு ஏட்டிலும் ஒரே பாட்டில் ஒரே மூன்று வரி காணாமல் போயிருந்தால்? இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவை, அந்தத் தாய் ஏட்டிலேயே அது விட்டுப்போயிருக்கிறது. தாய் ஏடு என்றைக்கோ கரையானுக்குப் போயிருந்தாலும் இதைச் சொல்லிவிடலாம்.

இப்போது குலோவுக்கு வாருங்கள். சிம்பன்சிக்கும் வைட்டமின் சி செய்யத் தெரியாது, ஒராங்குட்டானுக்கும் நம் நாட்டு மக்காக் குரங்குக்கும் தெரியாது. இவற்றின் மரபணுவையும் எடுத்து நம்முடையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு நான்கிலும் ஒரே இடத்தில் அதே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. நான்கு பேர் தனித்தனியாகச் செய்த பிழை என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் மரத்தில் பழம் தின்று வாழ்ந்த ஏதோ ஒரு மூதாதையிடம் இந்த மரபணு கெட்டிருக்கிறது. சாப்பாட்டிலேயே வைட்டமின் கிடைத்ததால் யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை, பிழை அப்படியே வாரிசுகளுக்கு இறங்கிவிட்டது.

'கர' மாதிரித் தனியாக வந்த பிழை ஒன்றும் உண்டு. கினி எலிக்கும் இந்த நொதி கிடையாது. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வேறொரு நோயை ஆராயப் போய் கினி எலிக்கு வெறும் தானியம் கொடுத்தார்கள், அதற்கு ஸ்கர்வி வந்துவிட்டது. அவர்கள் சாதாரண எலியை எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, வைட்டமின் சி-யின் கதையும் தள்ளிப்போயிருக்கும். அந்தக் கினி எலியின் குலோவைப் பிரித்துப் பார்த்தால் அது உடைந்த விதமே வேறு, தொலைந்த துண்டுகள் வேறு. முடிவு ஒன்று, பிழை இரண்டு. ஆகவே அது இந்த விஷயத்தில் நம்மோடு சேர்த்தி இல்லை.

நம் தேவாங்கைச் சொல்லாமல் விட முடியாது. 2022-ல் கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூரில் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்களே, அதேதான். பார்த்தால் குரங்கின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் தேவாங்கு வம்சத்துக்கு வைட்டமின் சி செய்யத் தெரியும். அந்த மரபணு கெடுவதற்கு முன்பே கிளை பிரிந்து போனவர்கள்.

இன்னொன்று. நமக்குக் குரோமோசோம் 46, சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. சொந்தம் என்றால் அந்த இரண்டு எங்கே போயிற்று? தொலையவில்லை, ஒட்டிக்கொண்டது. குரோமோசோமின் நுனிகளில் ஓர் ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும், ஏட்டுக்கட்டின் இரு பக்கமும் பலகை வைப்பார்களே, அது மாதிரி. நம் 2-வது குரோமோசோமின் நடுவில் அந்த நுனித் தொடர் இரண்டு எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நிற்பதை 1991-ல் கண்டார்கள். யாரோ இரண்டு கட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டு நடுவில் இருந்த பலகைகளை எடுக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிழையையே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கே எத்தனை பேர் இன்சுலின் போடுகிறீர்கள்? முன்பெல்லாம் அதைப் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள்; பன்றியுடையது நம்முடையதிலிருந்து ஒன்றே ஒன்றில் வேறுபடும், மாட்டுடையது மூன்றில். 1978-ல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது மறு பேச்சில்லாமல் படித்து நம் இன்சுலினைச் செய்து கொடுத்தது. குடல் கிருமிக்கும் நமக்கும் எழுத்து ஒன்று, படிக்கும் முறையும் ஒன்று என்றால் உறவு எவ்வளவு பின்னால் போகிறது பாருங்கள்.

சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது, எல்லாக் கூட்டத்திலும் வருவதுதான்: "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" ஐயா, குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. நீங்கள் பிறந்துவிட்டீர்கள் என்பதற்காக உங்கள் பெரியப்பா மகன் காணாமல் போய்விடுவாரா என்ன? சிம்பன்சியும் நாமும் பாகம் பிரித்து 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. வீடு வேறு, குணம் வேறு, ஆனால் பழைய பத்திரத்தில் இருக்கும் தப்பு இரண்டு பேர் நகலிலும் இருக்கிறது.

தலைவர் மணி அடித்துவிட்டார். நெல்லிக்காய் இன்னும் ஒரு கூடை மிச்சம் இருக்கிறதாம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.